தடதடத்த டீசல் எங்கே போச்சு? காஞ்சீபுரத்தை அதிர வைத்த ‘இரும்புப் பயில்வான்’ கதை

காஞ்சீபுரம்,

காஞ்சீபுரத்தில் கோவில் மணி கேட்கும். தறிச் சத்தம் கேட்கும். ஒரு காலத்தில் மூன்றாவதாக இன்னொரு சத்தமும் கேட்டது. அதுதான் டீசல் ரெயில் என்ஜின் சத்தம்.

மணி இருக்கிறது. தறியும் இருக்கிறது. டீசல் மட்டும் போய்விட்டது!

செங்கல்பட்டு - காஞ்சீபுரம் - அரக்கோணம் தடத்தில் இப்போது தலைக்கு மேலே மின்சாரக் கம்பி ஓடுகிறது. அதன் கீழே மின்சார ரெயில் ஓடுகிறது. வேகம் உண்டு, புகை இல்லை, கரி இல்லை. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஸ்டேஷன் பக்கத்தில் குடியிருந்து தலை நரைத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். “என்ன இருந்தாலும் அந்த டீசல் மாதிரி வருமா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர்களுக்கு டீசல் வெறும் வண்டி அல்ல. அது ஒரு கடிகாரம். ஒரு காவல்காரன். ஒரு பயில்வான். அதன் விவரம் வருமாறு:-

பட்டு ஊருக்கு வந்த சின்ன ரெயில்

தென் இந்தியாவில் முதல் ரெயில் ஓடியது 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதற்கு அடுத்த 9 ஆண்டுகளில், அதாவது 1865-ம் ஆண்டிலேயே காஞ்சீபுரத்துக்கு ரெயில் வந்துவிட்டது!

அரக்கோணத்தில் இருந்து சுமார் 19 மைல் தூரம். 3½ அடி அகலத்தில் குட்டித் தண்டவாளம். பிற்பாடு அதை மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். வெள்ளைக்காரன் வாயில் காஞ்சீபுரம் ‘கான்ஜீவரம்’ ஆகிவிட்டது அல்லவா? அதன் அடையாளமாக இந்த ஸ்டேஷனுக்கு ரெயில்வேயில் ‘சி.ஜே.’ என்ற சுருக்கக் குறி இன்றும் இருக்கிறது.

பக்கத்தில் உள்ள செங்கல்பட்டு மெயின் லைனுக்கு 1960-களிலேயே மின்சாரம் வந்துவிட்டது. தாம்பரம் - விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதையில் கம்பி கட்டி மின்சார என்ஜினை ஓட்டினார்கள். ஆனால் கிளைப் பாதையான காஞ்சீபுரம் லைனுக்கு அந்த யோகம் இல்லை. கரி என்ஜின் போன பிறகு இங்கே வந்தது டீசல்தான். மெயின் லைனுக்கு கரண்டு, கிளை லைனுக்கு டீசல் என்று காலம் ஓடியது.

அந்தக் காலத்து ‘ஒய்.டி.எம்.-4’

தமிழ்நாட்டு மீட்டர் கேஜ் பாதைகளில் கொடி கட்டிப் பறந்தது ‘ஒய்.டி.எம்.-4’ என்ற டீசல் என்ஜின். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ‘ஆல்கோ’ கம்பெனியில் இருந்து கப்பலில் வந்தது. கனடாவில் இருந்தும் கொஞ்சம் வந்தது. பிறகு வாரணாசியில் உள்ள டீசல் என்ஜின் தொழிற்சாலையிலேயே செய்யத் தொடங்கினார்கள். மொத்தம் 500-க்கு மேல் ஓடின.

எடை சுமார் 72 டன். 6 சிலிண்டர். சக்தி 1,400 குதிரை வரை. தெற்கே இதற்குத் தாய் வீடு திருச்சி பொன்மலை டீசல் ஷெட்.

பார்வைக்கு ஒரு நீளப் பெட்டி. ஒரு ஓரத்தில் டிரைவர் அறை. பெட்டி முன்னால் இருக்கும்படி ஓட்டினால், அதன் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் டிரைவர் பாதையைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தை டிரைவர் பார்ப்பார், மறு பக்கத்தை உதவி டிரைவர் பார்ப்பார். சிக்னலை இருவரும் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். அந்த இரைச்சலில் மெதுவாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்?

சத்தத்தின் ரகசியம் என்ன?

டீசல் என்ஜினுக்கு ஏன் அவ்வளவு சத்தம்? பலருக்குத் தெரியாத விஷயம் இது.

லாரியில் என்ஜின் நேராகச் சக்கரத்தைச் சுற்றும். ரெயில் டீசலில் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் டீசல் என்ஜின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். ஜெனரேட்டர் கரண்டு கொடுக்கும். அந்தக் கரண்டு கீழே உள்ள 6 மோட்டார்களுக்குப் போகும். அந்த மோட்டார்கள்தான் சக்கரத்தைச் சுற்றும்.

அதாவது டீசல் என்ஜினும் ஒரு வகையில் மின்சார என்ஜின்தான்! ஒரே வித்தியாசம், தனக்கு வேண்டிய கரண்டைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஒரு பவர் ஹவுசையே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. ஊர்க்காரர்கள் கேட்டது அந்த பவர் ஹவுஸ் சத்தத்தைத்தான்.

இன்றைய மின்சார ரெயிலுக்கு கரண்டு எங்கோ தயாராகிறது. இரைச்சலும் புகையும் அங்கேயே தங்கிவிடுகின்றன. கம்பி வழியாக கரண்டு மட்டும் வருகிறது. ஆகவே ரெயில் சத்தம் காட்டாமல் போகிறது.

1-ல் இருந்து 8 வரை...

ஸ்டேஷனில் நிற்கும்போது டீசல் ‘டுக்... டுக்... டுக்...’ என்று முனகிக்கொண்டே இருக்கும். அப்போது என்ஜின் நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றும். கார்டு பச்சைக் கொடி காட்டுவார். டிரைவர் கைப்பிடியை ஒவ்வொரு படியாகத் தள்ளுவார். மொத்தம் 8 படி. ரெயில்வே பாஷையில் ‘நாட்ச்’ என்று பெயர்.

ஒன்று... இரண்டு... மூன்று... ஒவ்வொரு படிக்கும் சத்தம் ஏறும். எட்டாவது படிக்கு வந்தால் முழு வேகம். முனகல் உறுமல் ஆகும், உறுமல் கர்ஜனை ஆகும். அதற்கு மேலே ‘ங்ஙீஈஈ’ என்று ஒரு விசில் எழும்பும். அது ‘டர்போ’ என்கிற காற்றுச் சுழலியின் சத்தம்.

கிளம்பும்போது குபுகுபு என்று கரும் புகையும் வரும். காரணம் இதுதான். டிரைவர் கைப்பிடியைத் தள்ளிய உடனே எண்ணெய் உள்ளே பாய்ந்துவிடும். ஆனால் அதை எரிக்க வேண்டிய காற்றைக் கொடுக்கும் டர்போ வேகம் பிடிக்கச் சில வினாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் எண்ணெய் அரைகுறையாக எரியும், கரும் புகை கிளம்பும். டர்போ முழு வேகத்துக்கு வந்ததும் புகை வெளுக்கும்.

சின்னப் பையன்கள் பிளாட்பாரத்தில் நின்று அந்தப் புகையை வேடிக்கை பார்ப்பார்கள். மொட்டை மாடியில் துணி காயப் போட்ட அம்மாக்கள் அதே புகையைத் திட்டித் தீர்ப்பார்கள்!

அண்ணன் வந்தான்

காஞ்சீபுரம் பாதை பிறகு அகலப்பாதை ஆயிற்று. 5½ அடி அகலம். மீட்டர் கேஜ் என்ஜின்கள் மூட்டை கட்டிக்கொண்டன. மலேசியா, மியான்மர், தான்சானியா என்று கடல் தாண்டிப்போன ஒய்.டி.எம்.-4 என்ஜின்களும் உண்டு.

அகலப்பாதையில் கம்பி கட்டும் வரைக்கும் ஓடியதும் டீசல்தான். அகலப்பாதை டீசல் குடும்பத்தில் பெயர் பெற்றவன் ‘டபிள்யூ.டி.எம்.-2’.

அடேங்கப்பா, அது ஒரு ராட்சதன்! எடை சுமார் 113 டன். 16 சிலிண்டர். 2,600 குதிரை சக்தி. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம்.

இந்த என்ஜின் இந்தியாவுக்கு வந்த கதையே தனிக் கதை. 1960-களின் தொடக்கத்தில் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் போட்டியில் இருந்தன. ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ், இன்னொன்று ஆல்கோ. தொழில் நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுக்க ஆல்கோ ஒப்புக்கொண்டது. 1962-ல் ஆல்கோ என்ஜின்கள் வந்து இறங்கின. 1964 ஜனவரியில் வாரணாசியில் செய்த முதல் என்ஜின் வெளியே வந்தது.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். சொல்லிக்கொடுத்த ஆல்கோ கம்பெனி 1969-ல் என்ஜின் செய்வதையே நிறுத்திவிட்டது. கற்றுக்கொண்ட வாரணாசியோ 1998 வரை டபிள்யூ.டி.எம்.-2 என்ஜினைச் செய்தது. 2,600-க்கு மேல் செய்து தள்ளினார்கள். குரு கடையைச் சாத்திய பிறகும் சிஷ்யன் 29 வருஷம் வியாபாரம் பார்த்தான்!

சரக்கு ரெயிலுக்கு 2 டீசலைச் சேர்த்துப் பூட்டுவதும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் எட்டாவது படிக்குப் போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் தம்ளர் கிணுகிணுக்கும்.

கடிகாரம் இல்லாத வீட்டுக்குக் கடிகாரம்

கைக்கடிகாரம் எல்லோர் கையிலும் இல்லாத காலம். செங்கல்பட்டு வண்டி எப்போது, அரக்கோணம் வண்டி எப்போது என்பது லைன் ஓரத்து வீடுகளுக்கு மனப்பாடம். “டீசல் கத்திருச்சு, பிள்ளையை எழுப்பு” என்றால் பள்ளிக்கூடத்துக்கு நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். வண்டி லேட் என்றால் அடுப்பில் உலையும் லேட்.

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிர் வண்டி வரும் வரை என்ஜின் ஸ்டேஷனிலேயே நிற்கும். நின்றாலும் அணைக்க மாட்டார்கள். அணைத்துவிட்டு மறுபடி கிளப்புவது லேசான வேலை இல்லை. பேட்டரி கைவிட்டால் கதை கந்தல். ஆகவே மணிக்கணக்கில் அதை ஓடவிட்டே வைத்திருப்பார்கள். ராத்திரி முழுக்க ‘டுக் டுக்’ கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகிய குடும்பங்கள் பல. அவர்களுக்கு அதுவே தாலாட்டு. சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும்!

தறிக்கும் என்ஜினுக்கும் என்ன உறவு?

காஞ்சீபுரத்துக்காரனுக்கு டீசல் மேல் ஒரு தனிப் பாசம் இருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. பாடுபடுகிறவன் சத்தம் எப்படி இருக்கும் என்று இந்த ஊருக்குத் தெரியும்.

கோர்வைப் புடவை நெய்யும் தறியைப் பாருங்கள். உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். 3 நாடா ஓட வேண்டும். ஒரு ஆளால் முடியாது. நெய்கிறவர் ஒருவர், கரைப்பக்க நாடாவைத் தள்ளிக்கொடுக்கிறவர் ஒருவர். டீசல் என்ஜினிலும் அப்படித்தான். டிரைவர் ஒருவர், உதவி ஒருவர். தறியிலும் உழைப்பு காதில் விழும். டீசலிலும் உழைப்பு காதில் விழும்.

மேடு ஏறும்போது டீசல் திணறுவது கேட்கும். பாரம் குறைந்தால் மூச்சு விடுவது கேட்கும். பாரம் இழுக்கும் மாட்டுக்குப் பரிதாபப்படுகிற மாதிரி, மேட்டில் திணறும் என்ஜினுக்கும் பரிதாபப்பட்டார்கள் ஜனங்கள். மேடு ஏறி முடித்தால் “ஏறிருச்சுப்பா!” என்று சந்தோஷப்பட்டார்கள்.

உண்மையில் பலம் என்று பார்த்தால் இன்றைய மின்சார என்ஜின்தான் கெட்டி. 6,000 குதிரை சக்திக்கு மேல் உள்ள மின்சார என்ஜின்கள் சர்வ சாதாரணமாக ஓடுகின்றன. 12,000 குதிரை சக்தியில் சரக்கு என்ஜினும் வந்துவிட்டது. பழைய டீசலைப் போல 4 மடங்குக்கு மேல்! ஆனால் அந்தப் பலம் கண்ணுக்கும் தெரியவில்லை, காதுக்கும் தெரியவில்லை. பாரம் தெரியாமல் தூக்குகிறவனை யார் பயில்வான் என்பார்கள்?

டீசல் ஏன் போச்சு?

பாசம் வேறு, கணக்கு வேறு. டீசல் போனதற்குக் காரணங்கள் பலமானவை.

எண்ணெய் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். அதற்கு அந்நியச் செலாவணி கொட்ட வேண்டும். நின்றுகொண்டே எரித்த எண்ணெய்க்குக் கணக்கே இல்லை. புகையோ சும்மா புகை இல்லை. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 ஜூன் மாதத்தில் அறிவித்தது. அந்தச் சத்தமும் தூரத்தில் இருந்து கேட்டவர்களுக்குத்தான் சங்கீதம். அதன் பக்கத்திலேயே வேலை பார்த்தவர்களுக்கு அது காதைக் கெடுக்கும் இரைச்சல்.

அகலப்பாதை முழுவதையும் மின்மயமாக்க மத்திய மந்திரிசபை 2018-ல் முடிவு செய்தது. வேலை மளமள என்று நடந்தது. 2025-ல் சுமார் 99 சதவீதம் முடிந்துவிட்டது.

வாரணாசியில் ஒரு படி மேலே போய், பழைய டீசல் என்ஜின் இரண்டை மின்சார என்ஜினாகவே மாற்றிவிட்டார்கள். 2019 பிப்ரவரியில் பிரதமர் நரேந்திர மோடி அதற்குக் கொடி அசைத்தார். வயிற்றில் இருந்த டீசல் என்ஜினை எடுத்துவிட்டு கரண்டு சாமானை வைத்தார்கள். 2020-ல் தொழிற்சாலையின் பெயரில் இருந்தும் ‘டீசல்’ போய்விட்டது. இப்போது அதன் பெயர் பனாரஸ் என்ஜின் தொழிற்சாலை.

கவனம்! சத்தம் இல்லாமல் வருது ரெயில்

டீசல் போனதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இது உயிர் சம்பந்தப்பட்டது.

டீசல் வருவது அரை மைலுக்கு முன்பே தெரியும். தண்டவாளத்தில் நடக்கிறவன் காதில் விழும். மாடு ஓட்டுகிறவன் காதில் விழும். ஊரே உஷாராகிவிடும். யாரும் சம்பளம் கொடுக்காத காவல்காரன் அது. ரெயில்வே கேட்டுக்கு முன்னால் ஹாரன் அடிக்கச் சொல்லி டிரைவருக்கு மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பலகை வரும் முன்பே என்ஜின் சத்தம் வந்துவிடும்.

இப்போது அந்தக் காவல்காரன் இல்லை. தண்டவாளமும் முன்னே மாதிரி ‘தடக் தடக்’ என்று சொல்வது இல்லை. துண்டு துண்டாக இருந்த தண்டவாளத்தை நீளமாகப் பற்றவைத்துவிட்டார்கள். கம்பி கட்டிய பாதையில் ரெயில் வேகமாகவும் வருகிறது, சத்தம் குறைவாகவும் வருகிறது.

ஆனால் ஜனங்களின் பழக்கம் மட்டும் மாறவில்லை. “சத்தம் கேட்டால் ஒதுங்கிக்கலாம்” என்ற பழைய நினைப்பில் குறுக்கே நடக்கிறார்கள். போதாக்குறைக்கு காதில் செல்போன் ஒயர்! ஹாரன் அடித்தாலும் கேட்காது.

தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது ரெயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். அபராதம் கட்டினால் ஆள் வீட்டுக்குத் திரும்பலாம். ரெயிலில் அடிபட்டால் திரும்ப முடியுமா? காதை நம்பிய காலம் போய்விட்டது, இனி கண்ணைத்தான் நம்ப வேண்டும். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மேம்பாலம் இருந்தால் நாலு படி ஏறினாலும் அதில்தான் போக வேண்டும்.

இன்னும் எங்கே கேட்கலாம்?

பழைய டீசல் சத்தம் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு தமிழ்நாட்டிலேயே ஒரு இடம் இருக்கிறது. அதுதான் நீலகிரி மலை ரெயில். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை பல் சக்கரப் பாதையில் நீராவி என்ஜின் தள்ளிக்கொண்டு போகும். எல்லோரும் அதைத்தான் படம் பிடிப்பார்கள். குன்னூருக்கு மேல் ஊட்டி வரை இழுப்பது யார் தெரியுமா? நம்ம பழைய ஒய்.டி.எம்.-4 டீசல்தான்! அதை யாரும் திரும்பிப் பார்ப்பது இல்லை.

இலங்கையில் கதை வேறு. அங்கே 1954-ல் இருந்து கனடா நாடு உதவியாகக் கொடுத்த டீசல் என்ஜின்களுக்கு ‘ஒன்டாரியோ’, ‘ஆல்பர்ட்டா’ என்று கனடா மாகாணங்களின் பெயரையே வைத்தார்கள். யாழ்தேவி 1956-ல் ஓடத் தொடங்கிய காலத்து என்ஜின்கள் அவை. நம்ம வாரணாசி டீசலும் 1996-ல் அங்கே போய்ச் சேர்ந்தது.

இங்கிலாந்தில் ‘டெல்டிக்’ என்று ஒரு டீசல் இருந்தது. மொத்தமே 22 என்ஜின். 3,300 குதிரை சக்தி. 1982 ஜனவரியில் கடைசி ஓட்டம். அதன் சத்தத்தில் மயங்கிய ரசிகர்கள் சங்கம் அமைத்துக் காசு சேர்த்து என்ஜின் வாங்கினார்கள். 22-ல் 6 என்ஜின் பிழைத்துக்கொண்டது. அந்த உறுமலைக் கேட்பதற்கென்றே டிக்கெட் எடுக்கிறார்கள் ஜனங்கள்.

ஒன்றாவது மிஞ்சுமா?

கரி என்ஜின் போனபோது ஊர் அழுதது. ஸ்டேஷன் வாசலில் மேடை கட்டி, பெயிண்டு அடித்து நிறுத்தி வைத்தார்கள். டீசலுக்கு அந்த மரியாதை கிடைத்த இடம் குறைவு. எடைக்கு எடை பழைய இரும்பாகப் போகின்றன.

காஞ்சீபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. புடவையை மட்டும் அல்ல, அதை நெய்கிற முறையையும் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. கையால் செய்த வேலையின் அருமை தெரிந்த ஊர் இது. 1865 முதல் ரெயில் பார்த்த ஊரும் இது. இங்கே ஸ்டேஷன் வாசலில் ஒரு பழைய டீசலை நிறுத்தினால் எத்தனை அழகாக இருக்கும்! நிறுத்தினால் மட்டும் போதாது. வருஷத்துக்கு ஒரு நாளாவது அதைக் கிளப்பிக் காட்ட வேண்டும். ஓடாத டீசல் வெறும் இரும்பு. அதன் உயிரே சத்தத்தில்தான் இருக்கிறது.

அது நடக்கும் வரை, பாதை வேலைக்கோ வேறு அவசரத்துக்கோ அத்தி பூத்தாற்போல ஒரு டீசல் இந்தப் பக்கம் வந்தால்தான் உண்டு. வந்தால் சட்டென்று தெரிந்துவிடும். டீக்கடையில் பேச்சு நிற்கும். பெரியவர்கள் தலை நிமிரும்.

“டீசல்டா!” என்பார்கள்.